எந்த வரியோடு நின்றார்

எங்கள் படிப்பில் எழுதியவர் செத்துப்போனதாக வைத்துக்கொண்டுதான் வேலையையே ஆரம்பிப்போம். அவர் என்ன நினைத்து எழுதினார், வீட்டில் சண்டையா, உடம்புக்கு முடியவில்லையா என்றெல்லாம் கேட்கக்கூடாது. தாளில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் பார்க்க வேண்டும். முதுகலை வகுப்பில் இதை முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒரு ஆளைப் பற்றி ஒன்றுமே தெரியாமல் அவர் எழுத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசலாம் என்பது என்னைப் போன்ற கூச்ச சுபாவக்காரனுக்கு எவ்வளவு பெரிய வசதி! ஆனால் நான் மொழிபெயர்க்க எடுத்த கதையை எழுதியவர் நிஜமாகவே செத்துப்போயிருந்தார். நிஜமாகச் செத்தவரை மறுபடி செத்ததாக வைத்துக்கொள்வது எப்படி என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நான் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கிலம் சொல்லித்தருகிறவன். நேர்முகத் தேர்வில் தன்னைப் பற்றி எப்படிச் சொல்லிக்கொள்வது என்று மெக்கானிகல் பையன்களுக்குப் பழக்குவதில் பாதி நாள் போய்விடும். மீதி நேரத்தில் முனைவர் பட்டத்துக்காக மொழிபெயர்ப்பு ஆராய்ச்சி. தொழிற்சாலைக் கதைகளை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோவது பற்றியது. இந்தத் தலைப்பை எனக்கு யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. வாத்தியார் ஆவதற்கு முன்னால் ஆறு வருஷம் இதே சாலையில் ஒரு கம்பெனியில் மிஷின் ஓட்டியவன் நான். அஞ்சல் வழியில் படித்து, ஷிப்ட் பஸ்ஸில் குறிப்பெடுத்து, ஒருவழியாகச் சாக்பீஸுக்கு வந்து சேர்ந்தேன்.

அந்தப் புத்தகம் மெல்லியது. எட்டுக் கதைகள். எழுதியவர் பிள்ளைப்பாக்கத்துக்காரர், வல்லக்கோட்டைக்கு அந்தப் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் மிஷின் ஓட்டியவர். ஒருநாள் நைட் ஷிப்ட் முடிந்து காலையில் பைக்கில் வீடு திரும்பும்போது, சாலை ஓரம் நின்றிருந்த ட்ரெய்லரின் பின்னால் மோதி இறந்துபோனார். புத்தகம் அதற்குப் பிறகுதான் வந்தது, நண்பர்கள் சேர்ந்து போட்டார்கள். கடைசிக் கதைதான் நீளமானது, நல்லதும் அதுதான். எனக்கு அந்தக் கதை வேண்டியிருந்தது. அனுமதி கேட்பதற்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவருடைய மனைவியைப் பார்க்கப் போனேன்.

வீட்டைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாக இருந்தது. மனைக் கற்கள் நட்டுப் புல் மண்டிக் கிடந்த நிலத்தைத் தாண்டி, ஒரு கம்பெனியின் நீளமான மதில் சுவரைப் பார்த்தபடி இருந்தது வீடு. அந்த அம்மாவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீபெரும்புதூரில் செல்போன் பாகங்களைப் பூட்டுகிற லைனில் வேலை பார்த்தவர், இப்போது வேறொரு கம்பெனியில் பேக்கிங்கில் இருப்பதாகச் சொன்னார். நாற்காலியைத் துடைத்துப் போட்டுக் குளிர்ந்த தண்ணீர் கொடுத்துவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"தாராளமா இங்கிலீஷ்ல போடுங்க சார். ஆனா வேலை முடிஞ்சதும் எனக்கு ஒண்ணு சொல்லணும்."

"என்னம்மா?"

"அன்னிக்கு அவரு வூட்டுக்கு வர்றதாதான் இருந்தாரா, இல்லியான்னு."

எனக்கு முதலில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அவரே விளக்கினார். வேலைக்குப் போகும் முன் இரண்டு பேருக்கும் சண்டை. காலையில் நன்றாக விடிந்த பிறகுதான் விபத்து. நேரான ரோடு, வருஷக்கணக்காக அவர் போய்வந்த ரோடு. தூக்கக் கலக்கம் என்று போலீஸ் எழுதிக்கொண்டு போய்விட்டது. ஆனால் சாவு வீட்டிலேயே மாமியார் வாயைத் திறந்துவிட்டார். வேணும்னேதான் வண்டியப் போய் வுட்டுக்கினான், இவ பேசின பேச்சுக்குத்தான் என்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அது தெருவெல்லாம் சுற்றி இவர் காதுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.

"எழுதினத வெச்சி எழுதினவரு மனசக் கண்டுபுடிக்கிற படிப்பு ஒண்ணு கீதாமே சார். நீங்க அதுதான் படிக்கிறீங்கன்னு சொன்னாங்க."

"அப்படி ஒரு படிப்பு இல்லம்மா. கதையில வர்ற ஆளு வேற, எழுதறவரு வேற. அதை வெச்சி இதைச் சொல்ல முடியாது."

"சரி சார். சும்மா படிச்சிப் பாருங்க," என்றார், நான் சொன்னது எதுவும் காதில் விழாதவர் போல. பிறகு வாசல் வரை வந்து, "நல்லாப் படிச்சிப் பாருங்க," என்று இன்னொரு தடவையும் சொன்னார்.

இதை என் நெறியாளரிடம் சொன்னேன். நகரத்தில் பல்கலைக்கழகத்தில் இருக்கிறவர், கண்டிப்பான அம்மையார். கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "நீங்க போலீஸ் இல்ல, வாசகர். அந்தம்மா கேட்டது நியாயமான கேள்விதான். ஆனா கேட்ட இடம் தப்பு. பிரதியை சாட்சிக் கூண்டுல ஏத்தாதீங்க." நானும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

வேலை ஆரம்பித்தது. என் வழக்கம், பேனாவைத் தொடும் முன் கதையை வாய்விட்டுப் பலமுறை படிப்பது. எங்கே மூச்சு வாங்குகிறது, எங்கே தடுக்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியாது, தொண்டைக்குத்தான் தெரியும். கல்லூரி முடிந்ததும் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்கு வண்டியை விட்டுப் போய் அங்கே நடந்தபடி படிப்பேன். ஆடு மேய்க்கிறவர்கள் என்னைப் பார்த்துப் பேசாமல் ஒதுங்கிப் போவார்கள்.

கதையில் பெரிதாக ஒன்றும் நடக்காது. ஒருவன் நைட் ஷிப்டில் நிற்கிறான். வீட்டில் ஏதோ மனத்தாங்கல், என்னவென்று சொல்லப்படுவதில்லை. ஷிப்ட் முடிந்து சங்கு ஊதியாகிவிட்டது, அவன் இடத்துக்கு வரவேண்டிய ரிலீவர் இன்னும் வரவில்லை. ரிலீவர் வராமல் மிஷினை விட்டுப் போகக்கூடாது. நிற்கிறான். அந்த நிற்றல்தான் பாதிக் கதை. கடைசியில் ரிலீவர் வருகிறான், இவன் மிஷினை ஒப்படைத்துவிட்டு பைக்கை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறான். உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தத்தோடு கதை முடிகிறது.

மொழிபெயர்ப்பதில் ஒரு விசித்திரமான சிக்கல் இருந்தது. எங்கள் பக்கத்துத் தமிழில் பாதி ஏற்கெனவே ஆங்கிலம். ஷிப்ட், லைன், ஓவர்டைம், ஹேண்டோவர் எல்லாம் தமிழுக்குள் அந்நியமாக, இரும்பு மாதிரி, கனத்துக்கொண்டு நிற்கும். ஒருவன் வீட்டுப் பேச்சிலிருந்து கம்பெனிப் பேச்சுக்குப் போகும்போது கதவு ஒன்று மூடுவது காதில் விழும். ஆங்கிலத்துக்குக் கொண்டுபோனால் இந்தச் சொற்கள் சொந்த ஊர் திரும்பியவர்கள் போலக் கூட்டத்தில் கரைந்துவிடுகின்றன. கனம் போய்விடுகிறது. இதைப் பற்றியே ஒரு அத்தியாயம் எழுதினேன். எழுதியதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஆனால் கரையாத ஒன்று இருந்தது. அவர் குரல். நான் அவரை உயிரோடு பார்த்ததில்லை, ஒரு புகைப்படம்கூடப் பார்த்ததில்லை. இருந்தும் ஒரு வாக்கியத்தை நாலு விதமாக ஆங்கிலத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, "அது இல்ல" என்று உள்ளே யாரோ சொல்லுவார்கள். மாற்றிப்போட்டால் பேசாமல் இருப்பார்கள். மிஷினை விட்டுப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, இருந்தும் என் கையில் மிஷினைக் குளிர்விக்க ஊற்றும் கூலண்டின் வாடை அடிக்க ஆரம்பித்தது. சோப்புப் போட்டுக் கழுவினாலும் சோற்றில் கை வைக்கும்போது அந்த வாடை வரும். "யாரு கூடப் பேசிட்டு இருக்கீங்க?" என்று என் மனைவி சமையலறையிலிருந்து கேட்பாள். வேலை விஷயம் என்பேன். "வேலை பதில் சொல்லுதா?" என்பாள். விளையாட்டுக்குத்தான் கேட்டாள். காலையில் கல்லூரிக்குப் போகும் வழியில் நைட் ஷிப்ட் விட்டு ஹெல்மெட் போட்டுக்கொண்டு வரும் ஆட்களைப் பார்த்தால் இவர்களில் ஒருவர் அவரோ என்று ஒரு கணம் தோன்றும். எனக்குப் பயமாக இருந்தது என்றே சொல்லிவிடுகிறேன்.

அப்புறம் கடைசிப் பக்கத்தில் அதைக் கண்டுபிடித்தேன்.

அதற்கு முன்னால் ஹேண்டோவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஷிப்ட் மாறும்போது போகிறவன் வருகிறவனிடம் மிஷினின் நல்லது கெட்டதெல்லாம் சொல்லிவிட்டுப் போக வேண்டும் என்பது சட்டம். டூல் எப்போது மாற்ற வேண்டும், கூலண்ட் எவ்வளவு இருக்கிறது, எங்கே அதிர்கிறது. எல்லாவற்றையும் சொல்லுவோம். ஒன்றைத் தவிர. ஒவ்வொரு ஆபரேட்டருக்கும் தன் மிஷினில் ஒரு சூட்சுமம் உண்டு, அதை மட்டும் வாய்திறந்து சொல்லமாட்டான். எல்லாவற்றையும் சொல்லிவிட்டால் நாளைக்கு நமக்கு அங்கே என்ன மரியாதை? என்னுடைய மிஷினில் கதவு சரியாக மூடாது, முழங்காலால் கீழே ஓர் இடத்தில் முட்டுக் கொடுத்தால்தான் ஓடும். வேலையை விடுவது என்று முடிவு செய்த அன்று அதை என் ரிலீவரிடம் சொன்னேன். அவன் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இன்னாண்ணா, பேப்பர் போட்டுட்டியா?" என்று கேட்டான். ராஜினாமாவைப் பற்றி நான் மூச்சுகூட விட்டிருக்கவில்லை. எங்கள் ஆட்களிடையே இது எழுதாத வழக்கம். சூட்சுமத்தைச் சொல்லிவிட்டான் என்றால் ஆள் திரும்பி வரப்போவதில்லை.

கதையின் கடைசிப் பக்கத்தில் இப்படி வருகிறது: "எல்லாவற்றையும் சொன்னான். சென்சார் அடிக்கடி பொய் சொல்லி மிஷினை நிறுத்துவதையும், கட்டைவிரலால் ஒரு தடவு தடவினால் அது சமாதானமாகிவிடுவதையும் மட்டும் சொல்லவில்லை. நாளைக்கு வந்து பார்த்துக்கொள்ளலாம்."

முதல் இருபது தடவை இந்த இடத்தைச் சாதாரணமாகக் கடந்துபோயிருக்கிறேன். ஆங்கிலத்தில் போடும்போதுதான் கை நின்றது. ஒருவன் மனதில் வீடு திரும்புகிற எண்ணம் இருக்கிறது, மறுநாள் வேலைக்கு வருகிற எண்ணமும் இருக்கிறது. அதை இதைவிடச் சுருக்கமாக எங்கள் சாலையில் யாராலும் சொல்ல முடியாது. நெறியாளரிடம் எழுதிக் காட்டினேன். "நுணுகி வாசிக்கிறதுன்னா இதுதான்," என்று அவர் வாயாலேயே பாராட்டு வந்தது. "ஆனா பாத்திரத்தைப் பத்தி மட்டும் பேசுங்க," என்று ஒரு குட்டும் வைத்தார். பாராட்டை எடுத்துக்கொண்டேன், குட்டை வாங்கிக்கொள்ளவில்லை. அந்த வாரக் கடைசியிலேயே பிள்ளைப்பாக்கத்துக்குப் போனேன். போகிற வழியெல்லாம் என்னை நானே பாராட்டிக்கொண்டேன். ஒரு பெண்ணின் தலைமேல் இருக்கிற பாறாங்கல்லை இறக்கிவைக்கப் போகிறோம், படித்த படிப்புக்கு ஒரு நாளாவது உபயோகம் வந்ததே என்று.

அவர் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் பக்கத்தைப் பிரித்து, சொல்லாமல் விட்ட சென்சாரைப் பற்றிச் சொன்னேன். லைனில் வேலை பார்த்தவர் என்பதால் விளக்கவே தேவைப்படவில்லை. "திரும்பி வர்றதா இருக்கிறவன்தாம்மா இப்படி ஒண்ணைப் பிடிச்சி வெச்சிக்குவான். இதை எழுதின கை வேற எண்ணத்துல இருந்திருக்காது," என்றேன். நெறியாளர் கேட்டிருந்தால் அப்போதே என்னை வெளியே அனுப்பியிருப்பார்.

அவர் அழுவார் என்று எதிர்பார்த்தேன். கையிலிருந்த துணியை மடித்து முடித்து, அடுக்கின் மேல் வைத்தார்.

"அந்தப் பக்கம் நான் எழுதினது சார்."

நான் கையிலிருந்த பக்கத்தை மறுபடி பார்த்தேன்.

அவரே மெதுவாகச் சொல்லிக்கொண்டு போனார். கணவர் கம்பெனியில் வீணாகும் தாள்களின் பின்பக்கத்தில் கிறுக்கிக்கொண்டு வருவார். இவர்தான் உட்கார்ந்து நல்லபடியாக எடுத்து எழுதுவார். எட்டுக் கதையும் அப்படி வந்தவைதான். கடைசிக் கதை பாதியில் நின்றிருந்தது. அவர் கிறுக்கியதை இவர் படியெடுத்து வைத்திருந்தார். சாவு அன்று, அவர் தொட்டுப் புழங்கியது எதுவும் வீட்டில் இருக்கக்கூடாது என்று மாமியார் அவர் சட்டை, செருப்பு, அந்தத் தாள்கள் எல்லாவற்றையும் கட்டிப் பாடையோடு அனுப்பிவிட்டார். எரிந்துபோயிற்று. நண்பர்கள் புத்தகம் போட வந்தபோது இவர் தன் படியிலேயே தொடர்ந்து எழுதிக் கதையை முடித்திருந்தார், எல்லாம் ஒரே கையெழுத்து. முடித்தது யார் என்று யாரும் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை.

"சாவுக்கு அவரு ரிலீவரு வந்திருந்தான். என் கையப் புடிச்சிக்கினு ஓன்னு அழுதான். 'அண்ணன் அன்னிக்கி மிஷினப் பத்தி ஒண்ணு வுடாம சொல்லிட்டுப் போனாருக்கா, சென்சாரு மேட்டரு மொதக்கொண்டு'ன்னான். பெருமையாத்தான் சொன்னான். சுத்தி இருந்தவங்களும் எவ்ளோ நல்ல மனுசன் பாருன்னாங்க. எனக்கு மட்டும் அப்பியே உயிரு போயிடுச்சி சார். நானும் லைன்ல நின்னவதான?"

பிரித்திருந்த புத்தகத்தை மூடினேன்.

"அதான் கதையில சொல்லாம வுட வெச்சேன். நெசத்துல சொல்லிட்டாரு. கதையிலியாவது சொல்லாம இருக்கட்டும்னு. நீங்க படிச்சவரு, அவரு எழுதின பக்கத்துல எங்கியாவது அந்த மாதிரி ஒண்ணு கெடைக்கும்னு பார்த்தேன். நீங்க கண்டுபுடிச்சது என்னைத்தான் சார். அவர இல்ல."

அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. நான் எதையாவது சொல்லித் தேற்ற நினைத்து, "ஒருவேளை வேலையை விடறதா இருந்திருக்கலாமேம்மா. நானும் அப்படிச் சொல்லிட்டுத்தான் வெளிய வந்தேன்," என்றேன்.

"எனக்கும் தோணிச்சி சார். வுட்டுட்டு வந்து உக்காந்து எழுதப்போறேன்னு சொல்லிக்கினேதான் இருந்தாரு. அன்னிக்கு சண்டையே அதுக்குத்தான். எத வுட்டுட்டுப் போனாருன்னுதான் தெரியல."

மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஏதோ கனமான ஒன்றை இறக்கிவைத்தார்கள். தரை லேசாக அதிர்ந்தது. அவர் காதில் அது விழுந்ததாகவே தெரியவில்லை.

கிளம்பும் முன், "எந்த இடத்துலேர்ந்தும்மா நீங்க எழுதினது?" என்று கேட்டேன். ஆராய்ச்சிக்காரனின் அரிப்பு போகுமா?

அவர் புத்தகத்தை வாங்கிப் புரட்டினார். வெகுநேரம் பார்த்தார். "மொதல்ல நல்லாத் தெரிஞ்சிது சார். அச்சுல வந்தப்புறம் படிக்கப் படிக்க எல்லாமே அவரு கொரல்லதான் கேக்குது. கடைசிப் பக்கம் என்னுதுன்னு தெரியும். அதுக்கு முன்னாடி எங்க ஆரம்பிச்சேன்னு சத்தியமாத் தெரியல." புத்தகத்தை என்னிடமே கொடுத்தார். "அத வேணா கண்டுபுடிச்சிக் குடுங்க. மனசுல இன்னா இருந்துச்சின்னு கேக்கல இனிமே. எந்த வரியோட நின்னாருன்னு மட்டும் தெரிஞ்சா போதும்."

இது எங்கள் படிப்புக்குள் அடங்குகிற கேள்வி. இதற்கு முறைகள் இருக்கின்றன. ஓர் எழுத்தாளர் தன்னை அறியாமல் செய்கிற பழக்கங்களைப் பட்டியல் போட வேண்டும். எந்த இடத்தில் வாக்கியத்தை உடைக்கிறார், எதைப் பார்க்கிறார், எதைப் பார்ப்பதே இல்லை என்று. பிறகு சந்தேகப் பகுதியில் அந்தப் பழக்கங்கள் எங்கே மாறுகின்றன என்று தேட வேண்டும். மற்ற ஏழு கதைகளையும் கரைத்துக் குடித்தேன். அவர் நிறம் சொல்வதில்லை, சத்தம் சொல்வார். ஆட்களின் முகத்தை விட்டுவிட்டுக் கையைப் பார்ப்பார். கடைசிக் கதையிலும் அப்படியே இருந்தது, கடைசி வரி வரைக்கும். ஒரு நாள் ஓர் இடத்தில் கோடு போடுவேன், மறுநாள் அதை அழித்து முந்தின பத்தியில் போடுவேன். சாண் ஏறினால் முழம் சறுக்கியது. போனில் அந்த அம்மாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, படியெடுக்கும்போது பிடிக்காத சொற்களை அங்கங்கே மாற்றுவது அவருக்கு ஆரம்பத்திலிருந்தே பழக்கம் என்று. "அவரு கண்டுக்கமாட்டாரு சார்," என்றார். ஆக, ஏழு கதையிலும் இவர் இருக்கிறார். இத்தனை மாதம் என் தலைக்குள் "அது இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தது யார் என்று யோசித்தேன். செத்தவரா, உயிரோடு துணி மடித்துக்கொண்டிருப்பவரா? அன்றிலிருந்து ஏரிக்கரைக்குத் தனியாகப் போகவில்லை.

நெறியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. "எழுதினவர் செத்துட்டாருன்னு சுலபமாச் சொல்லிடறோம். இங்க எழுதினவங்கள்ல ஒருத்தர் உயிரோட இருக்காங்களே, அவங்களை என்ன பண்றது?" என்றார். எனக்குத் தெரிந்து அவர் என்னிடம் பதில் தெரியாமல் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

தோற்றுவிட்டேன் என்று சொல்லத்தான் மூன்றாவது தடவை பிள்ளைப்பாக்கத்துக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மொழிபெயர்ப்பைத் தாளில் எடுத்து வைத்திருந்தேன். அவர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதப் படிங்க சார்."

"இங்கிலீஷ்லயா?"

"ஆமா. தமிழ்ல கேட்டா எனக்கு எல்லாம் அவரா கீது. இதுல கேட்டுப் பாக்கறேன். கதை மனப்பாடம்தான, எங்க போவுதுன்னு தெரிஞ்சிடும்."

படித்தேன். வகுப்பில் படிக்கிற மாதிரி இல்லை, ஒவ்வொரு வாக்கியமாக, நிறுத்தி நிறுத்தி. அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. சங்கு ஊதியது, ஆட்கள் கையைக் கழுவினார்கள், கழுவின கையைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்கள், பஸ்ஸுக்கு ஓடினார்கள். மிஷின் பக்கத்தில் ஒருவன் மட்டும் நின்றான். ஏரிக்கரையில் கேட்ட குரல் இல்லை, என் குரல் மட்டும்தான் அந்த அறையில் இருந்தது, ஆங்கிலத்தில், பரிதாபமாக. ரிலீவர் வந்து, பைக் கிளம்பியதும் அவர் கையைத் தூக்கினார்.

"நிறுத்துங்க. கொஞ்சம் முன்னாடி மிஷின்கிட்ட நிக்கிறானே, அந்தக் கடைசி வரி தமிழ்ல இன்னா?"

புத்தகத்தைத் திறந்து படித்தேன். "ரிலீவர் வரவில்லை. வராமல் எங்கே போவான், பார்க்கலாம் என்று மிஷின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான்."

"அதோட சரி. அதான் அவரு."

"எப்படிம்மா சொல்றீங்க?"

"இதுல என் கையெழுத்தும் இல்ல, அவரு கொரலும் இல்ல. கதை மட்டும் தனியாப் போவுது. இந்த வரிக்கு அப்புறம் அதுக்கு அவசரம் வந்துடுச்சி சார். ரிலீவரு வந்துடறான், பை எடுத்துடறான், பைக்கு ஸ்டார்ட் ஆயிடுது. அவருக்கு எதுலியும் அவசரமே கெடையாது. எனக்குத்தான் அவசரம். அவர எப்படியாச்சும் வூட்டுக்குள்ள கூட்டியாந்துடணும்னு."

நான் தமிழில் அந்த இடத்திலிருந்து மறுபடி படித்தேன். உண்மைதான். சொற்கள் அவருடையவை, கைகளைப் பார்க்கிற கண் அவருடையது. ஆனால் அந்த வரியைத் தாண்டியதும் கதை ஓடத் தொடங்குகிறது. ஒரு பெண் வாசலுக்கும் ரோட்டுக்கும் ஓடுவது போல. மாதக்கணக்கில் அதைப் பிளந்து பார்த்த எனக்கு அது தெரியவில்லை. தெரிந்த பிறகு அதைத் தவிர வேறெதுவும் தெரியவில்லை. என் கண் கலங்கிவிட்டது. அவர் அழவில்லை.

"பார்க்கலாம்னு எழுதியிருக்காரு," என்றார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "பார்க்கலாம்னுதான் எழுதி வெச்சிருக்காரு," என்றார். அது அவருக்குப் பதிலா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை.

வரும்போதே ஒரு யோசனையோடு வந்திருந்தேன். கதை எழுதியவர் என்று இரண்டு பேரையும் போடுவது, எங்கிருந்து யாருடையது என்று முன்னுரையில் சொல்லிவிடுவது. நேர்மையாகவும் இருக்கும், அவருக்குச் சேர வேண்டிய பெயரும் சேரும். அதைச் சொன்னேன்.

அவர் எழுந்துபோய்க் கதவருகே நின்று ரோட்டைப் பார்த்தார். ஷிப்ட் பஸ் ஒன்று போயிற்று.

"வேணாம் சார். என்னுத எடுத்துடுங்க. இங்கிலீஷ்ல அந்த வரியோட முடிச்சிடுங்க."

"நீங்க எழுதினதுதானேம்மா அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்குது? எடுத்துட்டா அவர் அங்கேயே நின்னுட்டு இருப்பாரே?"

"நிக்கட்டும் சார்," என்றார், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "கெளம்பினாதான ரோட்டுக்கு வருவாரு?"